இரண்டுங்கெட்டான் வண்டி

“பெட்ரோல் குடிக்கிற வண்டிய நிறையப் பார்த்திருக்கேன் அண்ணி. ஒளிஞ்சு குடிக்கிற வண்டிய இப்பத்தான் பார்க்கறேன்.”

பிக்கப் வண்டியின் அடியில் ஸ்பேனர் உருளும் சத்தம் கேட்டது. செருப்புப் போட்ட இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணி, உள்ள இருக்கீங்களா?”

“டார்ச்சைக் கொடு. வாயை மூடு. ரெண்டையும் சேர்த்துச் செய்ய முடியும்ல?”

கொழுந்தன் டார்ச்சைக் கொடுத்தான். இரண்டாவது வேலைதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏற்கெனவே மூன்று உத்தியோகங்களை அந்த வாயாலேயே தொலைத்துவிட்டு, கடைசியில் அண்ணன் மனைவியின் துப்பறியும் அலுவலகத்தில் வந்து ஒதுங்கியவன் அவன். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வழக்குக் கொண்டுவருகிறவர்களும் அவளை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அலுவலகம் திறப்பதற்கு முன்னால் அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பரிசோதித்தவள். நசுங்கிய பம்பரைப் பார்த்தே ஓட்டியவன் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்று சொல்லிவிடுவாள்.

ஆனால் இந்த வண்டியில் நசுங்கல் ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல்.

ஒரு கம்பெனி புதிதாகச் செய்திருந்த நடுத்தர அளவு பிக்கப் அது. பிளக்-இன் ஹைப்ரிட். வீட்டில் செருகி சார்ஜ் போட்டுக்கொண்டால் பேட்டரியில் ஓடும். சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோல் எஞ்சின் கை கொடுக்கும். சந்தைக்குக் கொண்டுவரும் முன் மூன்று வண்டிகளை மூன்று பேரிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். நாற்றுப் பண்ணைக்காரரும் மேஜை நாற்காலி செய்கிறவரும் தினமும் சார்ஜ் போட்டு ஓட்டினார்கள்; பெட்ரோல் பங்க் இருக்கும் திசையே அவர்களுக்கு மறந்துவிட்டது. மூன்றாவது வண்டி கூரை போடுகிறவரிடம் இருந்தது. அது கொஞ்ச தூரம்தான் ஓடியது. ஆனால் லாரி குடிக்கிற அளவுக்குப் பெட்ரோல் குடித்திருந்தது.

அந்த ஒரு வண்டியால் மொத்தக் கணக்கும் நாறிப்போயிற்று. இன்று மாலை நிர்வாகக் கூட்டம். இந்த வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவருவதா, குழி தோண்டிப் புதைப்பதா என்று முடிவு செய்யப்போகிறார்கள்.

“சதி,” என்றார் கம்பெனியின் தலைமைப் பொறியாளர், அண்ணியை அமர்த்தியபோது. “விற்பனைத் தலைவர் ஆரம்பத்துலேருந்தே இதை இரண்டுங்கெட்டான்னு சொல்லிட்டிருக்காரு. கரன்ட் வேணும்ங்கிறவன் முழு எலக்ட்ரிக் வாங்குவான், பெட்ரோல் வேணும்ங்கிறவன் பெட்ரோல் வண்டி வாங்குவான், நடுவுல இதை யார் வாங்குவாங்கன்னு கேக்கறாரு. அவர்தான் ஆள் வெச்சுப் பெட்ரோலை உறிஞ்சறாரு. பிடிச்சுக் கொடுங்க.”

விசாரணை முடிகிற வரைக்கும் வண்டி தான் சொல்கிற இடத்தில்தான் நிற்கவேண்டும் என்று பேசிக்கொண்டு, அண்ணி பிடிக்கப் போனாள். பெட்ரோல் டாங்க் மூடியில் பூட்டு அப்படியே இருந்தது, ஒரு கீறல் கூட இல்லை. விற்பனைத் தலைவரைப் பின்தொடர்ந்ததில், அந்த வயதில் அவர் யாருக்கும் தெரியாமல் நீச்சல் கற்றுக்கொள்கிறார் என்பது மட்டும் தெரியவந்தது. கூரைக்காரரின் அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், நல்ல மனுஷன் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். துப்பறிகிறவர்களுக்கு அதைவிட உதவாத தகவல் கிடையாது.

இப்போது கடைசி முயற்சியாக, கூரைக்காரர் வேலை செய்துகொண்டிருந்த, பாதி கட்டிய கிடங்கு ஒன்றின் முற்றத்தில், கம்பெனிப் பரிசோதனை என்று சொல்லிவிட்டு வண்டியைக் குடைந்துகொண்டிருந்தார்கள். மேலே தகரத்தில் ஆணி அடிக்கும் சத்தம் மண்டையில் விழுந்தது.

அண்ணி வெளியே வந்தாள். முழங்கையெல்லாம் புழுதி.

“ஒழுகலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

“மண்ணு இருக்கு அண்ணி. உங்க தலையில.”

அவள் அவனை முறைத்துவிட்டு பானெட்டைத் திறந்தாள். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தாள். துணி தார் பூசியது போல் கறுத்தது. பிறகு குனிந்து முன் சக்கரத்தைத் தடவினாள்.

“டயரைத் தொட்டுப் பாரு.”

“ஏன், காய்ச்சலா?”

“தொடுடா.”

தொட்டான். “சின்னச் சின்னதா முடி மாதிரி இருக்கு.”

“புது டயர்ல இருக்கிற ரப்பர் முடி. ஓட ஓட உதிர்ந்துடும். இதுல ஓரமெல்லாம் அப்படியே இருக்கு. டயர் இன்னும் கைக்குழந்தை. ஆனா எண்ணெய் கிழவனாயிடுச்சு. இதுலேருந்து என்ன தெரியுது?”

“தாத்தாவும் பேரனும் கூட்டுக் குடும்பமா இருக்காங்க.”

“எஞ்சின் ஓடியிருக்கு. சக்கரம் ஓடல.” அண்ணி துணியைச் சுருட்டி அவன் கையில் திணித்தாள். “யாரும் பெட்ரோலைத் திருடல. வண்டி நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு குடிச்சிருக்கு. சே! வந்த அன்னிக்கே இதைப் பார்த்திருக்கணும். அந்த ஆள் சதி சதின்னு கத்தினதுல நானும் மனுஷங்களைத் துரத்திட்டு அலைஞ்சேன்.”

“நின்னுக்கிட்டு எதுக்கு எஞ்சினை ஓட விடணும்? ஏசி போட்டுத் தூங்கறாரோ?”

“சீட்டைப் பாரு. ஒரு சுருக்கம் இல்ல.”

பின்னால் சென்றார்கள். சரக்கு ஏற்றும் தொட்டியின் மூலையில் சார்ஜ் போடும் கேபிள் தன் பையிலேயே கிடந்தது. பையின் மேல் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படவில்லை. செருகி ஓட்டவேண்டிய வண்டியை இவர் ஒருமுறை கூடச் செருகவில்லை.

“கல்யாணப் பரிசா வந்த மிக்ஸி மாதிரி வெச்சிருக்காரு,” என்றான் கொழுந்தன்.

அண்ணியின் பார்வை தொட்டியின் உள்சுவரில் இருந்த ஒரு சின்ன மூடியின் மேல் நின்றது. வேலை செய்யும் இடத்தில் டிரில்லோ விளக்கோ மாட்டிக்கொள்வதற்காக வண்டியிலேயே வைத்திருந்த சாக்கெட்டின் மூடி. வண்டி முழுக்கப் பளபளவென்று புதிதாக இருக்க, அது மட்டும் தேய்ந்து, கீல் தளர்ந்து, ஒரு நூலால் கட்டப்பட்டிருந்தது.

“இந்த வண்டியில அதிகமாத் திறந்து மூடினது டிரைவர் கதவு இல்ல. இதுதான்.”

நகத்தால் மூடியின் இடுக்கைச் சுரண்டினாள். அழுக்கோடு ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பஞ்சு போல, மஞ்சளாக, மெல்லியதாக. கொழுந்தன் கிட்டே வந்து முகர்ந்தான். பெரிதாக ஒரு தும்மல் போட்டான்.

அந்தத் தும்மலுக்குக் கூரைமேல் ஆணிச் சத்தம் நின்றது.

கூரைக்காரர் ஏணியில் இறங்கி வந்தார். வெயிலில் கறுத்த, பருத்த மனிதர். அண்ணியின் விரல் நுனியில் இருந்ததைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது.

“தலையணை மேடம்,” என்றார், கேட்காமலேயே. “போன வாரம் தலையணை ஏத்திட்டுப் போனேன்.”

“மஞ்சள் இறகு வெச்ச தலையணையா?”

“ஆமா மேடம். எங்க வீட்ல மஞ்சள்னா எல்லாருக்கும் உசுரு.”

“இந்த சாக்கெட்ல என்ன மாட்டறீங்க?”

“ஒன்னும் மாட்டறதில்ல.”

“அப்ப மூடி ஏன் தேய்ஞ்சிருக்கு?”

“காத்துக்கு இருக்கும்.”

அண்ணிக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கெட்டிக்காரப் பொய்யை உடைத்துவிடலாம். இந்த மாதிரி அப்பாவிப் பொய்யை என்ன செய்வது?

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைப்பதற்குள் எதிர்முனைக் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

“மாப்பிள்ளை! கரன்ட் போயிடுச்சு! சூடு இறங்குது, சீக்கிரம் வாங்க!”

கூரைக்காரர் போனை அணைத்தார். “ராங் நம்பர்.”

“ராங் நம்பர் உங்களை மாப்பிள்ளைன்னு கூப்பிடுது,” என்றான் கொழுந்தன். “நமக்கு வர்றதெல்லாம் லோன் வேணுமான்னு கேக்குது.”

அதற்குள் அவர் வண்டியில் ஏறிவிட்டார். புழுதி பறக்கப் பிக்கப் தெருவில் திரும்பியது. அண்ணி தன் காரின் சாவியைத் திருகினாள். கார் இருமியது. மறுபடி திருகினாள். மறுபடி இருமியது.

“இறங்கித் தள்ளு!”

“துப்பறியும் வேலைன்னு சொல்லித்தானே அண்ணி என்னைச் சேர்த்தீங்க?”

“தள்ளுடா!”

தள்ளினான். நல்லவேளையாக, வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பிக்கப்பைப் பிடித்துவிட்டார்கள்.

ஊரின் ஓரத்தில் ஓட்டு வீடு ஒன்று. அதன் பின்னால் நீளமான ஒரு கொட்டகை. பிக்கப் கொட்டகைச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நின்றிருந்தது. ஜன்னல் வழியாக வந்த தடித்த ஒயர் ஒன்று நேராக அந்தச் சின்ன மூடிக்குள் போயிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆளில்லாத வண்டியில் எஞ்சின் தானாக உறுமி எழுந்தது.

கொழுந்தன் ஒரு அடி பின்வாங்கினான். “பேய்!”

“பேட்டரி இறங்கிடுச்சு. சார்ஜ்தான் போடறதே இல்லையே. அதனால எஞ்சின் எழுந்து கரன்ட் தயார் பண்ணுது.” அண்ணி நெற்றியில் அறைந்துகொண்டாள். “இவர் வண்டி ஓட்டல தம்பி. பவர் ஹவுஸ் ஓட்டறாரு.”

கொட்டகைக் கதவைத் தள்ளினாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் மோதியது. வரிசையாக அலமாரி போல நின்ற இன்குபேட்டர்கள். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாக முட்டைகள். மூலையில் ஒரு பழைய பெட்டியைச் சுற்றி மஞ்சள் பூம்பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. ஒரு பெண்மணி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெப்பமானி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மாப்பிள்ளை, தப்புச் செய்துவிட்டு வகுப்புக்கு வெளியே நிற்கும் பிள்ளை மாதிரி.

“கதவைச் சாத்துங்க, சூடு போகுது!” என்று அதட்டினார் அந்த மாமியார். பிறகுதான் யாரென்று திரும்பிப் பார்த்தார். “கம்பெனியா?”

“கம்பெனி அனுப்பினவங்க.”

“அவரை ஒன்னும் சொல்லாதீங்க. எங்க மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லவே வராது. நான்தான் சொல்லச் சொன்னேன்.”

“வரலைன்னு நாங்களே கண்டுபிடிச்சோம்மா,” என்றான் கொழுந்தன்.

மாமியார் சிரிக்கவில்லை. “இந்தத் தெருவுக்குக் கரன்ட் எப்ப வரும், எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. புதுசா லைன் போடறோம், போடறோம்னு சொல்றாங்க. போன ஈடு முட்டை பூராவும் குளிர்ந்தே செத்துப்போச்சு. ஓட்டுக்குள்ள முழுசா வளர்ந்த குஞ்சு. ஒவ்வொன்னா எடுத்துக் குழியில போட்டேன். அன்னிக்கு மூடிடலாம்னு இருந்தேன். மறுநாள் மாப்பிள்ளை இந்த வண்டியோட வந்தாரு.”

“சார்ஜ் போடறதுதானே?”

“இங்க இருக்கிற கரன்ட்ல அதைப் போட்டா வீட்டு ஃபியூஸ் போயிடுது மேடம்,” என்றார் கூரைக்காரர் மெல்ல. “கம்பெனிகிட்ட சொன்னா, வீட்டு வேலைக்கு வண்டியப் பயன்படுத்தக் கூடாதுன்னு பிடுங்கிடுவாங்க. இந்த ஈடு நாளைக்குப் பொரியுது. நாளைக்கு வரைக்கும் விட்டுடுங்க.”

அண்ணி ஒரு முட்டைத் தட்டின் அருகில் குனிந்தாள். உள்ளே எங்கோ ஓட்டைத் தட்டும் மெல்லிய சத்தம். அவளுக்கு உண்மை கிடைத்துவிட்டது. அந்த உண்மையைச் சொன்னால் வண்டியின் பெயர் நிற்கும். இவர்கள் கையிலிருந்து வண்டி போகும். சொல்லாவிட்டால், இப்படி ஒரு வண்டியே இனி வராது.

“எந்தப் பக்கம் போனாலும் இடிக்குதே,” என்று முணுமுணுத்தபடி காரை நோக்கி நடந்தாள்.

நிர்வாகக் கூட்டம் தொடங்கியிருந்தது. நீள மேஜையின் தலைமாட்டில் நிர்வாக இயக்குநர் அம்மாள். ஒரு பக்கம் தலைமைப் பொறியாளர், எதிர்ப்பக்கம் விற்பனைத் தலைவர். அண்ணி கதவைத் திறந்துகொண்டு நுழைந்ததும் பொறியாளர் எழுந்துவிட்டார்.

“திருடன் யாருன்னு சொல்லுங்க!”

“திருடனே இல்ல.”

அவள் சொன்னாள். டயர், எண்ணெய், தேய்ந்த மூடி, கொட்டகை. செத்த குஞ்சுகளை மாமியார் குழியில் போட்டதையும் சொன்னாள்.

“எஞ்சின் எத்தனை நேரம் ஓடுச்சுன்னு நீங்க யாருமே பார்க்கலையா?” என்று கடைசியில் கேட்டாள்.

“லிட்டரும் கிலோமீட்டரும்தான் பார்ப்போம்,” என்றார் பொறியாளர், தரையைப் பார்த்துக்கொண்டு.

விற்பனைத் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “ஒரு நிமிஷம். அவங்களுக்கு ஒரு ஜெனரேட்டர் போதுமே? எதுக்கு வண்டி?”

“ஜெனரேட்டர் கூரைத் தகரம் ஏத்தாது சார். முழு எலக்ட்ரிக் வண்டியா இருந்தா, கரன்ட் இல்லாத ஊர்ல அதுவும் சேர்ந்து படுத்துக்கும். அவர் பகல்ல வேலைக்குப் போகணும், கரன்ட் போனா முட்டையைக் காப்பாத்தணும். ரெண்டையும் செய்யறது இது ஒன்னுதான். இதை யார் வாங்குவாங்கன்னு கேட்டீங்களாமே? கரன்டை நம்ப முடியாத இடத்துல பிழைக்கிறவங்க வாங்குவாங்க.”

விற்பனைத் தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு நிதானமாக, “இதை என்னால விக்க முடியும்,” என்றார்.

அண்ணி பொறியாளரைப் பார்த்தாள். இந்நேரம் அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவர் முகமோ வெளிறிப்போயிருந்தது.

“முடியாது,” என்றார். “சந்தைக்கு வர்ற வண்டியில அந்த சாக்கெட் இல்ல.”

“என்னது?”

“விலையைக் குறைக்கச் சொன்னாரு. எதை எடுக்கலாம்னு பார்த்தேன். யாரும் தொடமாட்டாங்கன்னு நினைச்சு அதை நான்தான் எடுத்தேன்.”

“நான் குறைக்கச் சொன்னேன். இதை எடுக்கச் சொன்னேனா?” என்று விற்பனைத் தலைவர் கத்தினார்.

இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். யார் கையெழுத்து, யார் யோசனை என்று பழைய சண்டையெல்லாம் கிளம்பியது. அண்ணிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இத்தனை நாள் வெளியில் தேடிய சதிகாரன் இங்கே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஒரு துண்டு பிளாஸ்டிக் மூடியை மிச்சம் பிடித்திருக்கிறான்.

இயக்குநர் அம்மாள் மேஜையைத் தட்டினார். “போதும். இன்னிக்கு முடிவு எதுவும் இல்ல. அந்த சாக்கெட்டைத் திரும்ப வெச்சு வரைபடத்தைக் கொண்டுவாங்க, அப்புறம் பேசலாம். சோதனை வண்டிய விதியை மீறிப் பயன்படுத்தியிருக்காங்க. இன்னிக்கே எடுத்துட்டு வந்துடுங்க.”

“மேடம், நாளைக்கு முட்டை பொரியுது,” என்றாள் அண்ணி.

“எனக்குப் புரியுது. விதின்னா எல்லாருக்கும் விதிதான்.”

கொழுந்தன் மெதுவாக அண்ணியின் காதருகே குனிந்தான். “ராத்திரியோட ராத்திரியா நாமளே போய் அடைகாக்கலாமா?”

அண்ணி அவனைப் பார்க்கவில்லை. பொறியாளரைப் பார்த்தாள். “சார், என்னை அமர்த்தினப்போ ஒரு பேச்சு. என் விசாரணை முடியற வரைக்கும் வண்டி நான் சொல்ற இடத்துல நிக்கணும், யாரும் தொடக்கூடாது. ஒத்துக்கிட்டீங்களா இல்லையா?”

“ஒத்துக்கிட்டேன். ஆனா விசாரணைதான் முடிஞ்சிடுச்சே?”

“யார் சொன்னா? அது கோழிக்குஞ்சுதானான்னு நான் இன்னும் கண்ணால பார்க்கல.”

விற்பனைத் தலைவர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். இயக்குநர் அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

“விசாரணை எப்ப முடியும்?”

“பொரிஞ்சதும் மேடம்.”

மறுநாள் நண்பகல் தாண்டி, இழுவை வண்டியோடு தலைமைப் பொறியாளரே வந்து இறங்கினார். அண்ணியும் கொழுந்தனும் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கரன்ட் காலையிலேயே போய்விட்டது. பிக்கப்பின் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“முடிஞ்சுதா?” என்றார் கடுகடுப்பாக.

“உள்ள போய் நீங்களே பாருங்க.”

போனார். கதவைச் சாத்தச் சொல்லி மாமியார் அதட்டும் குரல் கேட்டது. அவர் வெளியே வரக் காணோம். கொழுந்தன் எட்டிப் பார்த்தான். தட்டுகளில் ஓடுகள் விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. பாதி முட்டைகளில் அலகு மட்டும் தெரிந்தது. ஏற்கெனவே வெளியே வந்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஈரம் காயாமல் தள்ளாடின. பொறியாளர் நடுவில் நின்றுகொண்டு, பாதி வெளியே வந்த ஒரு குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கரன்ட் எப்ப வரும்?” என்று கேட்டார்.

“தெரியாது தம்பி,” என்றார் மாமியார். “நீங்க வண்டிய எடுக்கணும்னா, மிச்சம் இருக்கிறதும் வெளிய வரட்டும். அப்புறம் எடுத்துக்குங்க.”

அவர் வெளியே வந்தார். இழுவை வண்டிக்காரரைப் பார்த்து, போகச் சொல்லிக் கையசைத்தார். பிக்கப்பின் பக்கத்தில் போய் அந்த நூல் கட்டிய மூடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

“நான்தான். பழைய வரைபடத்தை எடுத்து வை. ஆமா, சாக்கெட் இருக்கே, அதுதான். என்ன? இன்னிக்கு வண்டி வராது. ஏன்னா... சத்தமாப் பேசு, கேக்கல... இங்க எல்லாரும் ஒரே நேரத்துல பிறந்துக்கிட்டிருக்காங்க!”